சொந்த மெடிக்கலா, மாசச் சம்பளமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடிச்ச பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான், சொந்தமா மெடிக்கல் வைக்கலாமா இல்ல சம்பளத்துக்குப் போயிடலாமான்னு. 10 சதுர மீட்டர் இடம், ஃபிரிட்ஜ், லைசென்ஸ் இதெல்லாம் எப்படியாவது ரெடி பண்ணிடலாம், ஆனா விலைக் கட்டுப்பாட்டுல இருக்குற மருந்துக்கு மத்திய அரசோட 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரருக்கு 16 சதவீதம்தான் மார்ஜின், அதுலதான் வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் பாக்கணும், எதிர்லயே பெரிய செயின் கடைக்காரங்க தள்ளுபடி போர்டு வெச்சா சின்னக் கடை எப்படிங்க தாங்கும்?

சம்பளத்துக்குப் போனா ஸ்டாக் கவலை இல்ல, உண்மைதான். ஆனா சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் கேட்டு வர்றவங்கள திருப்பி அனுப்புனா எத்தனை முதலாளி ஒத்துக்குவாங்க? சொந்தக் கடையில "டாக்டரப் பாத்துட்டு வாங்க"ன்னு தைரியமா சொல்லலாம், அதுக்காகவே நான் சொந்தக் கடை பக்கம்தான்.

இதவிட வேதனை சர்டிபிகேட்ட வாடகைக்கு விடுறது. டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் குடுக்குறது பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டா இருக்கணும்னு 1948 பார்மசி சட்டத்தோட 42வது பிரிவே சொல்லுது, ஆனா பல கடைல சுவத்துல ஒருத்தர் பேரு மாட்டியிருக்கும், கவுன்டர்ல நிக்கிறது வேற ஆளு. படிச்சவனுக்கு சம்பளம் ஏறாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

குறைஞ்ச விலைல மருந்து விக்கிற முதல்வர் மருந்தகம் தொடங்குற தொழில்முனைவோருக்கு தமிழக அரசு 3 லட்சம் மானியம் குடுக்குறாங்க, நல்ல விஷயம். ஏற்கனவே கடை வெச்சு தடுமாறுற பார்மசிஸ்டுகளுக்கும் குறைஞ்ச வட்டில கடன் குடுங்க, ஆய்வுக்கு வர்ற அதிகாரிங்க லைசென்ஸோட ஆளையும் பாருங்க.

– ஒரு மருந்தாளுநர், திருச்சி