பிரிட்டன் இடது பக்கம் திரும்பியதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாக்காளர்கள் ஏன் இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறிப் போகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூலையில் நடந்த பிரிட்டன் தேர்தலை, ஒரு நாடே இடது பக்கம் திரும்பியதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இடதுசாரியான தொழிலாளர் கட்சியின் இடங்கள் 202-லிருந்து 411 ஆயின. உண்மைதான். ஆனால் வாக்குகளை எடுத்துப் பாருங்கள். 2019-இல் படுதோல்வி அடைந்தபோது அக்கட்சி வாங்கியது 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல். 2024-இல் அமோக வெற்றி பெற்றபோது வாங்கியது சுமார் 97 லட்சம்தான். இன்னும் தீவிரமான இடதுசாரித் தேர்தல் அறிக்கையோடு அக்கட்சியின் அப்போதைய தலைவர் ஜெரமி கோர்பின் 2017-இல் நின்று தோற்றாரே, அப்போது கிடைத்தது 1 கோடியே 28 லட்சம். இடது பக்கம் கூட்டம் கூடவே இல்லை. ஆட்சியில் இருந்த வலதுசாரி கன்சர்வேடிவ் கட்சியின் வாக்குகள்தான் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்திலிருந்து 68 லட்சமாகச் சரிந்தன. அதில் ஒரு பெரும் பங்கு, இன்னும் வலப்பக்கம் நிற்கும் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. நிறையப் பேர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. வாக்குப்பதிவு 67 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக இறங்கியது.

கன்சர்வேடிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் நின்ற தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியைப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். 2019-இல் அவருக்கு 35,507 வாக்குகள், 69 சதவீதம். 2024-இல் 11,217. தொழிலாளர் கட்சி வேட்பாளர் 11,847 வாக்குகள் வாங்கி, 630 வித்தியாசத்தில் ஜெயித்தார். ரிஃபார்ம் கட்சிக்கு 9,958. டிரஸ்ஸைப் பிடிக்காமல் போட்டியிட்ட உள்ளூர்க்காரரான ஒரு சுயேச்சைக்கு 6,282. தொகுதி எல்லை கொஞ்சம் மாறியிருந்தது, சரி. ஆனாலும் நால்வரில் ஒருவர் போட்ட ஓட்டில் ஒரு தொகுதி கைமாறியதை இடதுசாரி அலை என்று எப்படிச் சொல்வது? கூடுதலாக ஒரு வாக்கு வாங்கியவருக்கே தொகுதி என்ற அந்த முறைதான் நம் நாட்டிலும் இருக்கிறது. 2014-இல் பா.ஜ.க. 31 சதவீத வாக்கில் 282 இடங்களைப் பிடித்தது நமக்கு நினைவிருக்கும்.

அப்படியானால் கன்சர்வேடிவ் வாக்காளர்களை விரட்டியது எது? விலைவாசியும் வட்டியும்தான் முதல் காரணம் என்பேன். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதம். அதற்கு முந்தைய மாதம்தான் டிரஸ் அரசு, பணத்துக்கு வழி சொல்லாமலே பெரும் வரிக்குறைப்பை அறிவித்திருந்தது. அங்கே வீட்டுக்கடன் வட்டியைப் பெரும்பாலும் 2 அல்லது 5 வருடங்களுக்கு நிலையாக வைத்துக்கொள்வார்கள். கெடு முடிந்து புதுப்பிக்கப் போனவர்கள், 2 சதவீதம் கட்டிய இடத்தில் 5, 6 சதவீதம் கட்ட நேர்ந்தது. டிரஸ் 49 நாட்களில் போய்விட்டார். மாதத் தவணை ஏறியது ஏறியதுதான். ஊரடங்கில் சொந்தபந்தங்களின் சாவுக்குக்கூடப் போக முடியாமல் மக்கள் தவித்தபோது, டிரஸ்ஸுக்கு முந்தைய பிரதமரின் இல்லத்தில் விருந்து நடந்தது என்ற கோபமும் ஆறியிருக்கவில்லை.

நியூசிலாந்தில் இதே விலைவாசி எதிர்த் திசையில் வேலை செய்தது. அங்கே ஆட்சியில் இருந்தது தொழிலாளர் கட்சி. 2020-இல் 50 சதவீதமாக இருந்த அதன் வாக்கு 2023-இல் 27 சதவீதமாகி, வலதுசாரிகள் வந்தார்கள். ஆட்சியில் யார் இருந்தார்களோ அவர்களுக்கு அடி விழுந்தது.

உண்மையான மாற்றம் நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போல்ஸோவரில், 1970 முதல் தொழிலாளர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் 2019-இல் கன்சர்வேடிவ் வேட்பாளரிடம் தோற்றார். பிரெக்ஸிட்தான் காரணம் என்று எழுதினார்கள். அங்கே பத்தில் ஏழு பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவே வாக்களித்திருந்தார்கள் என்பது சரிதான். ஆனால் 1997-இல் 27 ஆயிரத்தைத் தாண்டியிருந்த அவருடைய வாக்கு வித்தியாசம் 2017-லேயே 5 ஆயிரத்துச் சொச்சமாகத் தேய்ந்திருந்தது. சுரங்கங்கள் மூடி, தொழிற்சங்கங்கள் ஓய்ந்து, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போன ஊரில் கட்சிப் பிடிப்பு மெல்ல மெல்லத்தான் விட்டுப்போகிறது. இதையெல்லாம் ஒரே இரவில் வந்த அலையாக எழுதினால், அத்தனை வருட அலட்சியத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

வென்றவர்களும் அலை என்ற பேச்சை நம்பிவிடுகிறார்கள். பிரிட்டனில் 2024-இல் தொழிலாளர் கட்சி அரசு வந்த அதே மாதத்தில், சுமார் ஒரு கோடி முதியோருக்குக் கிடைத்துவந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2025 மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தலில், பத்தே மாதங்களுக்கு முன் 14 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியை 6 வாக்கில் ரிஃபார்மிடம் இழந்தது. அதற்கு அடுத்த மாதம் பெரும்பாலான முதியோருக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

இனி எந்த நாட்டுத் தேர்தலைப் பற்றி எழுதினாலும், இடங்களோடு வாக்கு எண்ணிக்கையையும், வாக்களிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.