கானல் நீரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், மதிய வெயிலில் தார்ச்சாலையில் தூரத்தே தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் தெரியும். "அது வெறும் கண் மயக்கம்" என்று பிள்ளையிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். மயக்கம் என்றால் கேமராவில் விழாது, இது விழும். செல்போனில் ஜூம் செய்து பாருங்கள், எதிரே வரும் லாரியின் தலைகீழ் உருவமும் அந்தத் 'தண்ணீரில்' தெரியும்.

அங்கே தெரிவது வானம்தான். காய்ந்த தார் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) குறைவு. அதனால் வானத்திலிருந்து மிகச் சாய்வாக இறங்கும் ஒளி தரையைத் தொடாமலே மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. இதை 'முழு அக எதிரொளிப்பு' (ஒளி ஓர் எல்லையில் பட்டு முழுதாகத் திரும்புவது) என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். தேர்வில் அப்படியே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம்! ஆனால் ஒளி ஏதோ ஓரிடத்தில் முட்டித் திரும்புவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளைகிறது.

இந்த வளைவு மிகச் சிறியது; தரையை நோக்கி அரை டிகிரி அளவே சாய்ந்து வரும் ஒளிதான் இப்படித் திரும்பும். நம் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 200 மீட்டருக்கு அப்பால்தான் கானல் நீர் தெரியும். நாம் நெருங்க நெருங்க அது தள்ளிப்போவதும் அதனால்தான். 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்ற காஸ்பார் மோஞ்ச் என்ற கணித அறிஞர், பாலைவனத்தில் படைவீரர்கள் இதைத் தண்ணீர் என்று நம்பி ஏமாந்ததைக் கண்டு விளக்கம் எழுதினார்.

குனிந்தால் கானல் நீர் இன்னும் கிட்டத்தில் தெரியும். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காகச் சாலையில் உட்கார விடாதீர்கள். பைக் ஓட்டிக்கொண்டே காட்டவும் வேண்டாம்.

சாலைக்குப் போகாமலும் பார்க்கலாம். வெயில் நேராக விழும் நீளமான சுவர் ஒன்று போதும். ஒரு முனையில் பிள்ளை சுவரோரமாகக் கண்ணை வைத்துப் பார்க்கட்டும். கன்னம் சுவரில் படவேண்டாம், சுடும். மறுமுனையில் நீங்கள் ஒரு பளபளப்பான சாவியை மெதுவாகச் சுவருக்கு அருகே கொண்டுபோங்கள். சுவரை நெருங்கியதும், உள்ளிருந்து இன்னொரு சாவி எதிரே வருவதுபோல் தெரியும்.

நம் பள்ளியின் மேற்குச் சுவர் இதற்குத் தோதானது. மாலை 3 மணிக்கு மேல் வாருங்கள், காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்