பழைய காரைக் கொடுக்கும் முன்

அன்புள்ள இளங்கோ,

நீ அனுப்பியிருந்த ஷோரூம் மதிப்பீட்டுத் தாளைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்தேன். உன் 2018 ஸ்விஃப்டுக்கு 3,60,000 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் போனஸ் 40,000 ரூபாய், ஆக மொத்தம் நான்கு லட்சம் என்று கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறார்கள். கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் பழைய காருக்கு அவர்கள் தருவது மூன்று லட்சத்து அறுபதாயிரம்தான். அந்த நாற்பதாயிரம், புதிய காரை அவர்களிடமே வாங்குவதற்காகக் குறைத்துக்கொள்ளும் தள்ளுபடி. கூட்டுறவு வங்கியில் வாகனக் கடன் பிரிவில் இருந்தபோது இத்தகைய தாள்கள் என் மேசைக்கு நிறைய வந்தன. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், பழைய வண்டிக்கு இருபதாயிரம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அதையே புதிய வண்டியின் ஆன்ரோடு விலையில் (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த முழு விலை) அக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி, கையாளும் கட்டணம் என்ற பெயர்களில் திரும்ப எடுத்துக்கொள்வது அவர்களுக்கு மிக எளிது.

ஆகவே, பழைய கார் எதுவும் இல்லாமல் ஒருவர் வந்தால் அதே மாடலை என்ன ஆன்ரோடு விலைக்குக் கொடுப்பார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்கு. அதன் பிறகு எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடு. இதற்கிடையே வண்டியை பழைய வண்டிகளை வாங்கி விற்கும் இரண்டு ஆட்டோ கன்சல்டிங் கடைகளிலும், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்க்கும் இணைய நிறுவனம் ஒன்றிலும் காட்டிவிடு. ஸ்விஃப்ட், அதுவும் பெட்ரோல், அதுவும் சிங்கிள் ஓனர் என்றால் கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவிருக்காது. வெளியே கிடைக்கும் விலையை 3,60,000-உடன் ஒப்பிடாதே. வெளியே விற்றால் போனஸ் போய்விடும் என்பதால் நான்கு லட்சத்துடன்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் இருந்தால் ஷோரூமிடமே விட்டுவிடு என்பேன். அதற்கு மேல் போனால் வெளியே விற்பதே சரி.

மதிப்பீடு செய்கிறவர் கையடக்கக் கருவி ஒன்றை பானெட்டிலும் கதவுகளிலும் ஒற்றி ஒற்றிப் பார்ப்பார். அது பெயின்ட்டின் கனத்தை அளப்பது. நீ மறுபடி பெயின்ட் அடித்த இடது பின் கதவில் எண் கூடுதலாகக் காட்டும். உடனே 'ஆக்சிடென்ட் வண்டி' என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார். அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் பார்க்கிங்கில் உரசியதையும், பெயின்ட் அடித்த பில்லையும் நீயே முதலில் காட்டிவிடு. கதவின் மேல்தகடு வேறு, வண்டியைத் தாங்கும் சட்டமான சேஸிஸும் தூண்களும் வேறு என்பது அவருக்கும் தெரியும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படிப்பார்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். ஆனால் டயருக்காக மட்டும் புதிதாகச் செலவு செய்யாதே, போட்ட பணம் விலையில் திரும்பாது.

விலையைக் குறைக்க ஜி.எஸ்.டி.யையும் இழுப்பார்கள். அதில் ஒரு பாதி நியாயம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிப் புதிய வண்டியின் விலை குறைந்ததால், பழைய வண்டிகளின் மதிப்பும் கூடவே இறங்கியது. அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த விலையை நீ எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'பழைய வண்டிக்கும் 18 சதவீதம் கட்ட வேண்டும்' என்று சொல்லி உன் தொகையில் கழித்தால் ஒப்புக்கொள்ளாதே. அந்த வரி, வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள லாபத்துக்கு அவர் கட்ட வேண்டியது. தனி ஆளாக விற்கும் உனக்கு அதில் பங்கில்லை.

விலையைவிட எனக்குக் கவலை தருவது பெயர் மாற்றம்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். எல்லோரும் அப்படித்தான் தருகிறார்கள் என்றும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. உன் வண்டியை உண்மையில் எடுப்பது ஷோரூமாக இல்லாமல் அவர்கள் அழைத்து வரும் புரோக்கராக இருக்கலாம். அவர் பெயர் எந்தத் தாளிலும் வராமல், வண்டி இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் வாங்குகிறவர் பெயருக்கு நேராகப் போகும். அதுவரை ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் நீதான் உரிமையாளர். 2007-இல் ஒருவர் விற்ற கார் அப்படிக் கை மாறிப் போய், பெயர் மாறாமலேயே 2009-இல் விபத்தில் சிக்கியது. அந்த வழக்கில், பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்று வெகுகாலம் ஆகிவிட்டது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இதற்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது படிவம் 29பி. வண்டியை ஒப்படைக்கும்போது நீயும் அவரும் சேர்ந்து அரசின் பரிவாஹன் இணையதளத்தில் படிவம் 29சி-யைப் பதிவு செய்தால், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த இடைவெளியில் நடப்பவற்றுக்கும் அவரே பொறுப்பு. உன் ஷோரூமில் 29பி இருக்கிறதா என்று நேராகக் கேள். இருந்தால், ஐந்தாயிரம் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடு. இல்லையென்றால் வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதே; விற்றதைக் கொடுத்த 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது சட்டப்படி உன் கடமை.

கடன் 2023-இலேயே முடிந்துவிட்டது என்கிறாய். கடன் முடிந்தாலும் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் தானாக நீங்கிவிடாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து அதை நீக்கியிருக்கிறாயா என்று இன்றே பார். நான் பார்த்தவரை, படித்தவர்கள்தாம் இதை அதிகமாக மறந்துவிடுகிறார்கள்.

புதிய காரை மருமகள் பெயரில் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வாங்குவதில் தவறில்லை, ஒன்றை மட்டும் யோசி. கதவு உரசியபோது இன்சூரன்ஸில் கேட்காமல் கைக்காசைச் செலவழித்ததால் உனக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, நிற்கிறது. அது வண்டிக்கு உரியதன்று, உனக்கு உரியது. அவள் பெயரிலுள்ள வண்டிக்கு மாற்ற முடியாது. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதியின் பிரீமியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உன் பெயரில் வாங்குவதால் 10,000 மிச்சமாகும். பழைய பாலிசியை அப்படியே விட்டுக்கொடுக்காமல் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் போனஸ் சான்றுக் கடிதம் கேட்டு வாங்கு, மூன்று ஆண்டுகள் வரை அது செல்லும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் கணவன் மனைவிக்குள் செல்லுமா என்பதையும் ஷோரூமில் எழுத்தில் கேட்டுக்கொள்.

ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும், ஓடிய கிலோமீட்டரையும் எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்கு. அன்று மாலையே சிக்னல் மீறி அபராதம் வந்தால் அந்த நேரம்தான் உனக்குச் சாட்சி. ஆதார் நகலின் குறுக்கே 'இந்த வண்டியின் பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடு. ஃபாஸ்டேக்கை மூடிவிட்டு ஸ்டிக்கரைக் கண்ணாடியிலிருந்து நீயே சுரண்டி எடுத்துவிடு. பெயர் மாறிய ஆர்.சி. நகல் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா