சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போன் போட்டவர்களுக்கு

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நம் வானொலியில் நீங்கள் போன் போட்டு ஊர் நடப்பைப் பேசுகிற நேரலை முடிகிற சமயத்தில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது நாற்பது நொடி. அதில் பாதி இருமலில் போயிற்று. மீதியில் "எல்லாருக்கும் ரொம்ப..." என்று ஆரம்பிப்பதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அன்று விட்டுப்போனதை இப்போது எழுதித் தீர்க்கிறேன்.

மகளுக்குப் பிரசவ நேரம். கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறேன். போனால் உடனே திரும்ப முடியாது என்பது பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். இனி என் நாற்காலியில் வேறொரு பெண் உட்காருவார். நன்றாகப் பேசுவார். என்னைப் போல "அதாவது, அதாவது" என்று இழுக்கமாட்டார்.

ஐந்து வருஷமாக இந்த நிகழ்ச்சியை நடத்தியது டீச்சர்தான் என்று கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் சொல்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்து பார்த்தவளுக்கு நிலவரம் வேறு. முதலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவைச் சொல்ல வேண்டும். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தையல் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை நாலரைக்குக் கடையைச் சாத்திவிட்டு நிலையத்துக்கு வந்துவிடுவார், சம்பளம் கிடையாது. நீங்கள் போன் போட்டால் முதலில் கேட்பது அவர் குரல்: "எந்த ஊரு? சாப்டீகளா? என்ன பேசப் போறீக?" இந்த மூன்று கேள்விக்குள் ஆளை எடை போட்டுவிடுவார். தையல் அளவு எழுதுகிற துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார். "மேலத்தெரு ஆச்சி, ஊருணி, கோபமா இருக்காக, முதல்ல விடுங்க." "குன்றக்குடித் தம்பி, கவிதை, நேரமிருந்தா." ஒருமுறை சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். 32 என்று இருந்தது. "அடுத்து 32-ஆவது வார்டிலிருந்து ஒரு நேயர்" என்று நானும் அறிவித்துவிட்டேன். அது யாரோ ஒருவரின் இடுப்பளவு.

"ரேடியோவைக் குறைச்சு வச்சிட்டுப் பேசுங்க" என்று அவர் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. உங்கள் வீட்டு ரேடியோச் சத்தம் போனுக்குள் புகுந்து, மறுபடி எங்களிடம் வந்து, மறுபடி உங்கள் ரேடியோவில் வந்து, அப்படியே சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஐந்து வருஷம் கழித்தும் பாதிப் பேர் குறைப்பதில்லை. தன் குரல் தன் வீட்டு ரேடியோவில் வருவதைக் கேட்கிற ஆசையை யார்தான் விடுவார்கள்?

எங்களுடையது சமுதாய வானொலி. 100 வாட்டுக்கு மேல் அனுமதி இல்லை. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குப் பிடிக்கிற அளவு, அவ்வளவுதான். சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். தேவகோட்டையில் மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டதாகச் சொன்ன வக்கீல் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. 1995-இல் உச்ச நீதிமன்றம் வான் அலைகளைப் பொதுச்சொத்து என்று சொன்னதையும், 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி வந்ததையும், 2006-இல் தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று கதவு திறந்ததையும் எங்களுக்கே பாடமாக நடத்தியவர் அவர். கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பேட்டரியை மாற்றிப்போட்டு மூச்சு வாங்கிய தொழில்நுட்பத் தம்பிக்கும் நன்றி.

அரசியல் செய்தி எங்களுக்குக் கூடாது. அப்படியிருக்க நாட்டு நடப்பை எப்படிப் பேசுவது? ஆரம்பத்தில் எனக்கு இதுதான் பெரிய பயம். கட்சிப் பெயர் வாயில் வந்தால் லைனைத் துண்டிக்க விரலைத் தயாராக வைத்துக்கொண்டே இருப்பேன். நிலையப் பொறுப்பாளர்தான் வழி சொன்னார்: "ஆளைப் பேச விடாதீங்க டீச்சர், கண்மாயைப் பேச விடுங்க." அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிகழ்ச்சி ஓடியது.

முதல் வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர், ஊருணியில் மட்டும் முழங்காலளவுகூட இல்லை. ஏன் என்று ஒரு வரி கேட்டுவிட்டு லைனைத் திறந்தேன். கூரையில் விழுகிற மழையும் தெருவில் ஓடுகிற மழையும் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்துத்தான் செட்டிநாட்டு ஊர்களைக் கட்டினார்கள் என்பது புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். எந்தச் சந்து, எந்த மூலை என்பது தெரியாது. மேலத்தெரு ஆச்சிதான் ஆரம்பித்தார்கள். "எங்க வீட்டு வளவுல விழுற தண்ணி ரெண்டாம் கட்டு வழியா சந்துக்குப் போகும். அதுக்கப்புறம் எங்க போகுதுன்னு கல்யாணமாகி வந்து அறுபது வருஷத்துல நான் போய்ப் பார்த்ததில்லை." ஆச்சி போனை வைத்ததும், அந்தச் சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் லைனில் வந்தார். "அது கல்பாலத்துக்கு அடியில போகும் டீச்சர். பாலத்தை மேல சிமெண்டு போட்டு மூடியிருக்கு. மூடுனதுமேல பாதி என் கடைதான் இருக்கு. மறைச்சு என்ன ஆகப்போகுது?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்லவேளை, சொல்லத் தேவையும் வரவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த தெருக்காரர் எடுத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மினி பஸ் கண்டக்டர் ஒருவர். கடைசியாக ஊருணிக் கரையில் வெள்ளாடு மேய்க்கிற அம்மா ஒருவர், வாய்க்கால் ஊருணிக்குள் வாய் வைக்கிற இடத்தில் இப்போது என்னென்ன கொட்டிக் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். உடைந்த கம்மோடு வரைக்கும். ஐம்பது நிமிஷத்தில் ஆச்சி வீட்டு வளவிலிருந்து ஊருணிப் படித்துறை வரை முழு வாய்க்காலும் காதிலேயே வரைந்தாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி சார்ட் பேப்பரில் வரைந்து திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தச் சார்ட்டோடு இருபது பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி தூரம்தான் முடிந்தது. மீதிப் பாதியில் ஒரு கட்டடம் நிற்கிறது. அது யாருடையது என்று ஊருக்கே தெரியும், நான் எழுதப்போவதில்லை. இதைப் பற்றிப் பேச ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை அழைப்பு அனுப்பினோம். நாலு முறையும் அவர்களுக்காகப் போட்டு வைத்த நாற்காலியில் நிலையத்துப் பூனைதான் உட்கார்ந்திருந்தது. டீக்கடை அண்ணன் மட்டும் கடையை நாலடி பின்னால் தள்ளிக்கொண்டார். அண்ணே, நேரலையில் தன்மேல் தானே புகார் கொடுத்த ஒரே நேயர் நீங்கள்தான். உங்களுக்கு என் நன்றி தனி.

கோட்டையூர் நூலக ஐயாவுக்கு நான் பட்ட கடன் வேறு மாதிரி. ஒரு நிகழ்ச்சியில், பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்த கோட்டையூர்க்காரரைப் பற்றிப் பேசும்போது, "ரோஜா முத்தையா சேர்த்த புத்தகமெல்லாம் அமெரிக்காவுக்குப் போய்விட்டதே" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா சீட்டை ஒட்டினார்: "கோட்டையூர் ஐயா. நீங்க சொன்னது தப்பாம்." சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது உண்மை, ஆனால் புத்தகங்கள் கடல் தாண்டவில்லை, 1994-இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், இப்போதும் அங்கே போய்ப் படிக்கலாம் என்று ஐயா நிதானமாக விளக்கினார். "எங்க ஊர்க்காரர் ஒரு வீட்டுக்குள்ள சேர்த்தது டீச்சர், அதைத் தொலைச்ச கணக்குல எழுதிறாதீக" என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவளுக்கு அன்று நல்ல சுழி விழுந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து சரிபார்க்காமல் மைக் முன்னால் எதையும் சொன்னதில்லை.

2019-இல் காரைக்குடிப் பக்கத்துக் கைத்தறியான கண்டாங்கிச் சேலைக்கு, அந்தப் பெயர் இந்த ஊருக்கே உரியது என்கிற புவிசார் குறியீடு கிடைத்தது பற்றிப் பேசிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நெசவாளர் ஒருவர் பேசினார். பின்னால் டக், டக், டக் என்று சத்தம். லைன் கோளாறு என்று நினைத்து, "கொஞ்சம் வெளியே வந்து பேசுங்கண்ணே" என்றேன். "வந்தா தறி நிக்கும்மா, போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுத்தான் பேசுறேன்" என்றார். தொழில்நுட்பத் தம்பி நான் கேட்காமலே அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டான். விசைத்தறிச் சேலையைக் கண்டாங்கி என்று விற்பது, நூல் விலை, மகன் தறியில் உட்கார மறுப்பது எல்லாமே அந்த டக் டக்குக்கு நடுவேதான் வந்தது.

அப்புறம் மஞ்சுவிரட்டு. 2023 மே 18, வியாழக்கிழமை ஜல்லிக்கட்டை அனுமதிக்கிற தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சனிக்கிழமை எங்கள் முறை. தீர்ப்பை அலச வேண்டாம், மாட்டைப் பேசுவோம் என்று முடிவு செய்தோம். சிராவயல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், வாடிவாசல் வழியே ஒவ்வொன்றாக விடுகிற ஜல்லிக்கட்டு வேறு, தொழுவிலிருந்தும் பொட்டலிலிருந்தும் அவிழ்த்து விடுகிற மஞ்சுவிரட்டு வேறு என்று ஆரம்பித்து வைத்தார். காளை வளர்க்கிற ஒரு பெண் வந்தார். குளிப்பாட்டுவதும் தீவனம் வைப்பதும் தான்தான், டிவியில் பேசுகிறவர்கள் யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றார். இரண்டாவது லைனில் இன்னொரு அம்மா காத்திருந்தார். அவர் மகன் வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் குத்துப்பட்டவன். இரண்டு லைனையும் சேர்த்துவிடச் சொன்னேன். பதினொரு நிமிஷம் இருவரும் பேசினார்கள். முதலில் சூடாக. பிறகு, "எந்தப் பக்கம் குத்து?" "இடது தொடை." "இப்ப நடக்குறானா?" "நடக்குறான், காலைச் சாச்சு." கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. வானொலியில் மௌனம் என்றால் எங்களுக்குக் குலை நடுங்கும். ஆனாலும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் யாரையும் மாற்றவும் இல்லை, காளைக்காரப் பெண் அடுத்த தை மாதமும் மாட்டை அவிழ்த்திருப்பார். பட்டிமன்றத்துக்குப் பேர்போன சீமையில், தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லாத அந்தப் பதினொரு நிமிஷம்தான் எனக்குப் பிடித்தது. இரண்டு அம்மாக்களுக்கும் நன்றி.

பினாங்கிலிருந்து பேசிய அண்ணனும் உண்டு. 100 வாட் பினாங்குக்கு எப்படிப் போகும்? கானாடுகாத்தானில் இருக்கிற அவர் பங்காளி, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் போனை ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டார். செட்டிநாட்டு ஊர்களை 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்களே, வீடுகள் மட்டும் ஏன் தூண் தூணாக காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன என்று பேசிய நாள் அது. அந்த அண்ணனுக்குப் பூர்வீக வீட்டில் முப்பத்தாறில் ஒரு பங்கு. "ஓடு மாத்த முப்பத்தாறு பேரும் சரிங்கணும். விக்கிறதுக்கும் முப்பத்தாறு பேரும் சரிங்கணும். விக்கிறதுக்குத்தான் சீக்கிரம் சரிங்கிறாக" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்.

என் அப்பா பி.பி.சி. தமிழோசைக்குக் கடிதம் எழுதுகிறவர். பெயர் வாசிக்கிறார்களா என்று திண்ணையில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலி ஒலிபரப்பை நிறுத்தியபோது, "இனி யாருக்குக் கடிதாசி போடுறது?" என்றார். இந்த நாற்காலிக்கு நான் சரி சொன்னதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். ஒருமுறைகூடப் போன் போடாமல், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களே, உங்களில் பலரை நான் கோயிலிலும் ரேஷன் கடையிலும் குரலை வைத்து இல்லை, பார்வையை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன்.

ஒரு விஷயம் பாக்கி. மாசி மாதம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தனுப்பிய ஆச்சி யாரென்று கடைசி வரை தெரியவில்லை. பணியாரம் அன்றைக்கே தீர்ந்தது. எவர்சில்வர் தூக்கு நிலையத்தில் அக்காவின் மேசைக்கு அடியில், கழுவித் துடைத்து இருக்கிறது. மூடியில் மூ.அரு. என்று எழுத்து வெட்டியிருக்கிறது. சனிக்கிழமை நாலரைக்கு மேல் வந்தால் அக்கா இருப்பார், வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டீச்சர்