‘போஷ்’ கப்பல் ஏறி வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பகட்டான, உயர்தரமான என்று பொருள்படும் ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்தியாவுக்கு வந்த பி அண்டு ஓ கப்பல்களில் பணக்காரத் துரைமார்கள் வெயில் படாத அறைகளாகப் பார்த்துப் பிடித்தார்கள், வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்று டிக்கெட்டில் குத்திய முதலெழுத்துகளே ‘போஷ்’ ஆயின என்று பதில் தந்திருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கரும்பலகையில் கப்பல் படம் வரைந்து, இதே கதையை இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொன்னவன் நான்.

கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதுதான் இந்தக் கதையின் தொல்லை. கிழக்கே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் வடக்கு, அங்கே வெயில் குறைவு என்றால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? ஆனால் அந்த நான்கு எழுத்து பொறித்த ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. இந்த விளக்கம் 1935-இல் லண்டன் ‘டைம்ஸ்’ இலக்கிய இணைப்புக்கு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் எங்கள் இனத்தாரின் கைங்கரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்!

சொல்லோ அதற்கு முன்பே நடமாடிக்கொண்டிருந்தது. 1918 செப்டம்பர் ‘பஞ்ச்’ இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில், விமானப்படை இளைஞன் தன் தாயிடம் பொழுது ‘போஷாக’க் கழிந்தது என்கிறான். இன்னும் பின்னே போனால், 19-ஆம் நூற்றாண்டுத் திருடர் பாஷையில் ‘போஷ்’ என்பது சில்லறைக் காசு, குறிப்பாக அரைப் பென்னி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மினுக்கித் திரிகிற ஆளுக்கும் அதே பெயர் விழுந்துவிட்டது. காசிலிருந்து காசுக்காரனுக்கும், அவனிடமிருந்து அவன் பகட்டுக்கும் பொருள் நகர்ந்திருக்கலாம். ஆக்ஸ்போர்டு அகராதி இந்த வழியையும் முடிந்த முடிவாக ஏற்கவில்லை. கப்பலை மட்டும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

என்னை அதிகம் ஈர்த்தது அந்த அரைப் பென்னிதான். ரோமானி மொழியில் ‘போஷ்’ என்றால் பாதி. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே புறப்பட்டுப் போனவர்களின் மொழி அது. அந்தச் சொல்லுக்கு மூலமாகச் சொல்லப்படுவது ‘பார்சுவ’ என்ற வடசொல். பக்கம் என்று பொருள். அதே வடசொல் தமிழில் ‘பாரிசம்’ ஆகி, உடம்பின் ஒரு பக்கத்தை முடக்கும் பாரிசவாயுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, காசைக் குறித்த அந்தப் பழைய ‘போஷ்’ இந்திய ரத்தம்தான். பி அண்டு ஓ கம்பெனி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தரைவழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முதலெழுத்துக் கதைகள் மேல் நமக்கு ஏனோ தனி மோகம். நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘நியூஸ்’ ஆனது என்று இன்றும் மேடையில் சொல்கிறார்கள், கைதட்டலும் கிடைக்கிறது. ‘புதியவை’ என்பதைத் தவிர அதில் வேறு சூட்சுமம் இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் பழக்கம் பெருகியதே 20-ஆம் நூற்றாண்டில்தான். ராடாரும் லேசரும் அப்படி வந்தவை.

என்னிடம் படித்தவர்களில் சிலர் உங்கள் சந்தாதாரர்கள். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், உங்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்றாகவே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்