திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகக் கணினி மையக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வர்களுக்கு பேக்கப் மென்பொருள் வாங்க நீங்கள் எழுதிய டெண்டர் வரைவைப் படித்தேன். வேகம், சுருக்கும் திறன், டாஷ்போர்டு எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எடுத்து வைத்ததைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

1991-இல் எலிசபெத் ஸ்விக்கி என்ற கணினி நிர்வாகி, டம்ப், டார், சிபியோ போன்ற பேக்கப் கருவிகளுக்கு வேண்டுமென்றே முரட்டுக் கோப்புகளைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார்: நடுவே ஓட்டை விட்ட கோப்புகள், விநோதப் பெயர்கள், மிக நீளமான பாதைகள், பேக்கப் ஓடும்போதே மாறுகிற கோப்புகள். பல தடுமாறின. நன்றாகத் தேறியது டம்ப். அதே டம்பைத்தான் 2001-இல், லினக்ஸ் 2.4 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நம்பவேண்டாம் என்றார் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். அது கோப்பமைப்பிடம் கேட்காமல் நேரே வட்டைப் படிக்கும்; வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே நிற்கும் புதுத் தரவு அதன் கண்ணில் படாது. பத்து வருடப் பெயர், கெர்னல் மாறியதும் போயிற்று.

நம் தமிழ்த்துறையின் கல்வெட்டுப் படங்களுக்கு நீண்ட தமிழ்ப் பெயர்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். டார் கோப்புகளின் பழைய யுஸ்டார் வடிவத்தில் கோப்புப் பெயருக்கு இடம் 100 பைட்தான். டாரின் குனு பதிப்பு இதைச் சமாளிக்கும். நீங்கள் வாங்கப்போவது?

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் ஆர்க்கைவ் விருப்பத்தைப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்), ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்), நீட்டிப்புப் பண்புகள் (கோப்போடு ஒட்டிய கூடுதல் குறிப்புகள்) மூன்றையும் தனியாகக் கேட்டால்தான் தரும்.

காசு கொடுத்து வாங்கினால் கவலையில்லை என்பவர்கள் கியோட்டோ பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். 2021 டிசம்பரில், பழைய லாக்குகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனையாளர் தரப்பு மாற்றி வைத்தது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் பாதியிலிருந்து புதியதைப் படித்தது. எதை அழிப்பது என்று சொல்லவேண்டிய மாறிகள் வெறுமையாக இருந்தன. 77 டெராபைட், சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள். டெண்டர் போடுகிறவர் நாம் தரும் சோதனை அடைவை பேக்கப் எடுத்து, நம்முடைய வெற்று இயந்திரம் ஒன்றில், நம் ஆள் கையாலேயே மீட்டுக் காட்டவேண்டும். செக்சம் (உள்ளடக்கம் மாறவில்லை என்று காட்டும் எண்), உரிமையாளர், அனுமதிகள், ஏசிஎல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பேக்கப் மென்பொருள்களான போர்க், ரெஸ்டிக் இரண்டையும் அதே பரீட்சையில் உட்காரவையுங்கள். அவற்றுக்கும் சலுகை வேண்டாம்.

சோதனை அடைவு தயாராக இருக்கிறது. பெயரில் வரிமுறிவு உள்ள கோப்பு ஒன்றும் அதில் உண்டு. மன்னிக்கவும், அதை மட்டும் நீக்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பேக்கப் பார்க்கிறவன்