ஷெர்ரின்னாலே இனிப்புன்னு யார் சார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஸ்பெயின் நாட்டு ஒயினான ஷெர்ரி பத்தி "முதல்முறை சுவைப்பவர்களுக்கு"ன்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. தமிழ்ப் பத்திரிகைல ஷெர்ரி பொறந்த ஹெரெஸ் ஊர் பேர் வர்றதே அதிசயம்னு ஆசையா பிரிச்சா, முதல் பத்தியிலயே "ஷெர்ரி எல்லாமே இனிப்பு ஒயின்தான், நிறம் மட்டுமே வேறுபடும்"னு ஒரு வரி. மடிச்சு வெச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்காம திரும்ப எடுத்து முழுசா படிச்சேன், படிக்காமலே இருந்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். ஃபினோன்னு ஒரு ஷெர்ரி வகை, அதுல ஒரு லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை கூட இருக்காது. ஒயின்லயே ரொம்ப வறண்ட, அதாவது இனிப்பே இல்லாத ரகம்னு சொல்ற லிஸ்ட்ல அது முன்வரிசைல நிக்கும். அதே ஊர்ல பெத்ரோ ஹிமேனெஸ்னு ஒண்ணு இருக்கு, திராட்சைய வெயில்ல காயப்போட்டு பிழியறது, அதுல குறைஞ்சது 212 கிராம் இருந்தாதான் அந்தப் பேரே போட முடியும். இந்த ரெண்டுக்கும் நிறம்தான் வித்தியாசம்னா, மோருக்கும் பாயசத்துக்கும் கூட நிறம்தான் வித்தியாசம்.

நான் கப்பல்ல பார் ஸ்டீவர்டா இருந்தவன். காதிஸ் துறைமுகத்துல கப்பல் நிக்கும்போதெல்லாம், லீவு கிடைச்சா ரயிலேறி ஹெரெஸ் போயிடுவேன், முக்கால் மணி நேரம்தான். மத்த பசங்க ஷாப்பிங் போவாங்க, நான் பொதேகா போவேன், ஒயின் முதிர வைக்கிற கிடங்கு அது. உள்ள போனா கோயில் மண்டபம் மாதிரி உசரமான கூரை, தரைல மண்ணுல தண்ணி தெளிச்சு வெச்சிருப்பாங்க, சூடு ஏறக்கூடாதுன்னு. ஒரு இடத்துல பீப்பாயோட முன்பக்கத்துக்கு கண்ணாடி போட்டு வெச்சிருந்தாங்க. ஒயினுக்கு மேல வெள்ளையா, சுருக்கம் சுருக்கமா ஒரு ஏடு. அதுதான் ஃப்ளோர், ஈஸ்ட் சார் அது, உசுரோட இருக்கிற ஈஸ்ட். அது வளரணும்னுதான் 600 லிட்டர் பீப்பாய்ல 500 லிட்டர் மட்டும் ஊத்தி மேல காத்துக்கு இடம் விடறாங்க. உங்க கட்டுரையாளர் என்ன எழுதியிருக்கார்? "சில பீப்பாய்களில் மேலே ஏடு படர்ந்து ஒயின் கெட்டுப்போவதும் உண்டு." அய்யா, அந்த ஏடு இருக்கிறதாலதான் காத்து படாம ஃபினோ வெளிர் நிறத்துல, பாதாம் வாசனையோட, லேசா உப்புக் கரிக்கிற மாதிரி வருது. அந்த ஊரே அது செத்துடக்கூடாதுன்னு தவம் கிடக்குது. அங்க ஒருத்தர் நீளமான வளையற குச்சி முனைல சின்ன குவளை வெச்ச கருவிய ஏட்ட குத்தி சட்டுனு உள்ள விட்டு எடுத்து, தலைக்கு மேலேர்ந்து கைல இருக்கிற குட்டி கிளாஸ்ல ஊத்தினாரு, ஒரு சொட்டு கீழ விழல. அதை விட்டுட்டு நீங்க போட்ட படம் என்ன, சிவப்பு ஒயின் கிளாஸ். ஷெர்ரி வெள்ளைத் திராட்சைல செய்யறது சார், பெரும்பாலும் பாலோமினோங்கிற ரகம்.

ஆல்கஹால 15 சதவீதத்துல நிறுத்தினா ஏடு வாழும், 17க்கு மேல ஏத்தினா அது வளராது, காத்து பட்டுப் பட்டு கருப்பழுப்பா ஒலொரோசோ ஆகும். வாசனை என்னமோ அக்ரூட், உலர்ந்த பழம்னு இனிப்பா ஏமாத்தும், வாயில வெச்சா வறண்டுதான் இருக்கும். இனிப்பு சேத்தா அதுக்குப் பேரு மீடியம், இல்லன்னா கிரீம். கொஞ்ச காலம் ஏட்டுக்கடியில, அப்புறம் காத்துல வளர்ந்தா அமொன்டியாடோ. ரெண்டுலயும் சேராம நிக்கிறது பாலோ கொர்தாடோ, பீப்பாய்ல சாக்பீஸ் கோடு போட்டு அதை தனியா அடையாளம் வெச்சிருப்பாங்க. ஃபினோ மாதிரியே ஏட்டுக்கடியில வளர்றது, கடலோரம் சான்லூகார் ஊர்ல முதிர்ந்தா மட்டும்தான் மன்சனீயா. இவ்ளோதான் சார் மொத்த பாடமும், ஆரம்பநிலைக்காரனுக்கு இது புரியாதா? ஆரம்பநிலைன்னு தலைப்பு போட்டா தப்பா சொல்லலாம்னு அர்த்தமா?

"பாட்டிலில் நல்ல வருஷம் பார்த்து வாங்கவும்"னு வேற அறிவுரை. பழைய பீப்பாய்லேர்ந்து கொஞ்சம் எடுத்து, அந்த இடத்த அடுத்த வரிசை இளசு ஒயினால நிரப்பி, பல வருஷத்து சரக்கு கலந்து வர்றதுதான் சொலேரா, பெரும்பாலான பாட்டில்ல வருஷமே இருக்காது. தேடிப் பாத்துட்டு வாசகன் என்ன பண்ணுவான்?

"திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்"ங்கிறதுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. நான் இருந்த ஒரு கப்பல்ல, பேரு வேண்டாம், மேனேஜர் இதேதான் சொல்வாரு. ஃபினோவ திறந்து விஸ்கி பாட்டில் பக்கத்துல ஷெல்ஃப்ல வெச்சிருப்பாரு. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம் சார், ஒரு வாரத்துல முடிச்சுடணும் சார்னு சொன்னா, நீ ஸ்பெயின்காரனான்னு கேப்பாரு. ஒரு நாள் நிஜமாவே ஒரு ஸ்பெயின் அம்மா வந்து ஒரே வாய், கிளாஸ அப்படியே தள்ளி வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க. திட்டு யாருக்கு, எனக்குத்தான். ஒலொரோசோன்னா ஒண்ணு ரெண்டு மாசம் தாங்கும், ஃபினோ தாங்காது.

போர்ட் ஒயின் ஸ்பெயின்ல செய்யறதுன்னு முன்னாடி ஒருதடவை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அது போர்ச்சுகல்னு உடனே எழுதினேன். வரல. அந்த வாரம் அட்டைப்படம் அருமைன்னு எழுதின நாலு பேர் கடிதம் வந்துச்சு. எனக்கு வருத்தமில்ல, அட்டைப்படம் நல்லாதான் இருந்துச்சு. இந்தக் கட்டுரைல கூட ஒரு வரி தப்பில்ல, கடைசில இருக்கிற "மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு".

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு பெட்டிச் செய்தி போடுங்க: ஃபினோவும் மன்சனீயாவும் இனிப்பில்ல, ஜில்லுனு குடிக்கணும், திறந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துல காலி பண்ணணும், ஏடு கெட்டுப்போனது இல்ல. நாலு வரிதான். இடமில்லன்னா ராசிபலன்ல மிதுனத்துக்கு நாலு வரி குறைச்சுக்கோங்க, நான் மிதுனம்தான், கோச்சுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தா கட்டிட்டிருக்கிற பழைய வாசகன்